சத்தம் போட்டு நடந்த அக்கா

அந்த அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் குரலைக் கேட்டுவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில், உடன்குடியைத் தாண்டித் தேரிக்காட்டை ஒட்டிய ஓர் ஊரில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. நான் தூத்துக்குடி மில்லர்புரத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் இரவெல்லாம் புதுத் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சலில் தூங்கிப் பழகியவளுக்கு இந்த ஊரில் நரி ஊளையிட்டது. முதல் நாள் விடியும்வரை கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

வெளுக்கும் நேரத்தில் பின்பக்கத்து வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல், திருவிழா மைக்கில் பேசுவதுபோல் கேட்டது. “வாரேன், வாரேன்! விறகு எடுக்க வாரேன்! உள்ள யாரு கெடந்தாலும் எந்திரிச்சுப் போயிருங்க!”

பக்கத்து வீட்டுக்குள் யாரோ ஒளிந்திருக்கிறார்கள், திருடனைத்தான் விரட்டுகிறார் என்று நினைத்து நடுங்கிப்போனேன். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். நாற்பது வயது தாண்டிய, ஒல்லியான, உயரமான ஓர் அம்மாள் விறகுக் குவியலின் முன்னால் நின்று அதனோடு பேசிக்கொண்டிருந்தார். நீண்ட கம்பால் மூன்று நான்கு முறை தட்டினார். கொஞ்சம் பொறுத்தார். பிறகுதான் ஒரு கட்டையை உருவினார்.

அவர்தான் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைப்பவர். கணவர் பம்பாயில் ஒரு பலசரக்குக் கடையில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அடுப்பு மூட்ட அக்கா சீக்கிரம் போகவேண்டும். தனியாக நடக்க எனக்குப் பயம். அதனால் முதல் நாளிலிருந்தே இருவரும் சேர்ந்து போனோம்.

ஊருக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு மைல் தேரி. குங்குமத்தைக் கொட்டி வைத்ததுபோல் செம்மணல். அதில் பனை, உடை மரம், இடையிடையே தரையைத் தொடும்படி கவிழ்ந்து கிடக்கும் முந்திரி. முந்திரிக்கு அடியில் எது படுத்திருந்தாலும் வெளியில் தெரியாது. அந்த ஒரு மைலும் அக்கா வாயை மூடமாட்டார். என்னோடு பேசுகிறாரா காட்டோடு பேசுகிறாரா என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

“ரெண்டு பேரு வாரோம்! டீச்சரும் நானும்! அந்தால ஒதுங்கிக்கிடுங்க!” என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களும் பேசிக்கிட்டே வாங்க டீச்சர். நாம வாரது அதுக்குத் தெரியணும்லா” என்பார்.

“எதுக்குத் தெரியணும் அக்கா?”

“எது கெடக்கோ அதுக்கு. சுருட்டை விரியன் கெடக்கலாம், பன்னி நிக்கலாம், நரி குட்டி போட்டிருக்கலாம். நாம சத்தமில்லாமப் போயி அதுமேல விழுந்தா அது பதறும். பதறினா கடிக்கத்தான செய்யும்?”

எனக்கு வெட்கமாக இருக்கும். நான் வகுப்பில்கூடக் குரலை உயர்த்தத் தெரியாதவள். எதிரில் பனையேறிகள் யாராவது வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். அவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். ஊரில் அக்காவுக்குத் ‘தண்டோரா’ என்று பட்டப்பெயர். அதுவும் அவருக்குத் தெரியும்.

“சிரிக்கட்டும். எனக்குப் பயம். பயத்தை வெச்சுக்கிட்டு நான் எப்படி வாயை மூடிக்கிட்டு நடக்க?” என்பார்.

பயத்தை அவ்வளவு கூச்சமில்லாமல் சொன்ன வேறு மனிதரை நான் பார்த்ததில்லை. அரிசிப்பானைக்குள் கைவிடுமுன் பானையைத் தட்டுவார். செருப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறாமல் போடமாட்டார். பள்ளியின் சமையல் கொட்டகைக்குள் நுழையுமுன் வாசலில் நின்று, “சோறாக்க வந்திருக்கேன்” என்று அறிவிப்பார். சின்ன வயதில் ஏதாவது நடந்ததா என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒண்ணும் நடக்கல. பொறந்ததுலேருந்தே இப்படித்தான். எங்கம்மைக்கும் தெரியல, எனக்கும் தெரியல” என்றார்.

அவர் பயம் பலமுறை பொய்த்தும் போகும். ஒருநாள் மதியம் கொட்டகைக்குப் பின்னால் போனவர், “பிள்ளைகளா, கதவைச் சாத்துங்க! தலை இல்லாத ஒண்ணு வருது!” என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். ஐம்பது பிள்ளைகளும் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். பெரிய வாத்தியார் கம்போடு போய்ப் பார்த்தால், உடைந்த கலயத்துக்குள் தலையை விட்டு எடுக்கத் தெரியாத ஒரு வெள்ளாட்டங்குட்டி முட்டி மோதிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் பிள்ளைகள் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு அந்த விளையாட்டையே விளையாடினார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், “ஆடா இருந்துட்டு. சரி. ஆடா இல்லாம இருந்தா?” என்றார்.

கரடி வந்தது அதற்கடுத்த ஆடிக்காற்றுக் காலத்தில்.

எங்கள் பக்கத்தில் கரடி கிடையாது. இது வித்தைக்காரர் ஒருவர் ஊர் ஊராக நடத்திக் கூட்டிவந்த கரடி. உடன்குடிச் சந்தையில் அதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: மூக்கில் துளையிட்டுக் கயிறு, கழுத்தில் தோல்பட்டை, கம்பைத் தட்டினால் நிமிர்ந்து நின்று ஒரு கையை நெற்றியில் வைத்துக் கும்பிடு போடும். வித்தைக்காரருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து பஸ் நிற்கிற கொட்டகையில் விழுந்து கிடந்திருக்கிறார். யாரோ வண்டி பிடித்துத் திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கரடி எதிரில் வாகை மரத்தில் கட்டிக் கிடந்தது. அதன் பக்கத்தில் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. தண்ணீர்கூட வைக்கவில்லை. மறுநாள் பார்த்தால் கடித்து அறுத்த கயிறுதான் மரத்தில் தொங்கியது.

நான்கைந்து நாளில் தேரியில் கலயங்கள் உடைந்து கிடந்தன. பனையில் கட்டியிருந்த பதநீர்க் கலயத்தை மரமேறிக் குடித்திருக்கிறது என்று சொன்னார்கள். பனைமரத்தில் நான்கு விரல் கீறல்களை நானே பார்த்தேன். என் கையை விரித்து அதன்மேல் வைத்தேன். கீறல் என் கையைவிட அகலமாக இருந்தது.

“வித்தைக் கரடிக்குப் பல்லைப் பிடுங்கியிருப்பானுவ. அது என்ன செய்யும்?” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அக்கா மட்டும், “பல்லைப் பிடுங்கினவன் நகத்தைப் பிடுங்கலியே” என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

சிரிப்பு ஒரு விடியற்காலையில் நின்றது. பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையை அங்கே விடிலி என்பார்கள். எங்கள் தெருப் பனையேறி ஒருவர் மரத்திலிருந்து இறங்கித் தன் விடிலிக்குள் குனிந்து நுழைந்திருக்கிறார். காற்று ஓலையை அடித்த அடியில் உள்ளே நக்கும் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. அவர் வரும் சத்தம் கரடிக்கும் கேட்கவில்லை.

அவரை நார்க்கட்டிலில் தூக்கிக்கொண்டு என் வாசல் வழியாகத்தான் போனார்கள். முகத்தின்மேல் மனைவியின் சேலையை நனைத்துப் போட்டிருந்தார்கள். அந்தத் துணி மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் உள்ளே போய் உள்ளே போய் வெளியே வந்தது. அதைப் பார்த்தபிறகு பல நாள் நான் கண்ணை மூடிப் படுக்கவில்லை. அவர் உயிர் பிழைத்தார். ஒரு கண் போய்விட்டது.

அதன்பின் பெரியவர்கள் நான்கைந்து பேர் கம்போடு வந்து பிள்ளைகளைக் கூட்டமாகப் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கருப்பட்டி மண்டி அண்ணாச்சி ஒருவர், பன்றி சுடுவதற்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர், தினமும் காலையில் அவர்களோடு வந்தார். ஆனால் அவர்கள் கிளம்ப நேரமாகும். உப்புமா வேக வேண்டுமென்றால் அக்கா முன்னாலேயே போகவேண்டும். நான் கூடப் போனேன். என் வேலைக்கு அது தேவையில்லை. அவரைத் தனியாக அனுப்ப முடியவில்லை.

தகரத்தைத் தட்டிக்கொண்டு போவோம் என்று சொன்னேன். அக்கா கேட்கவில்லை. “தட்டுற சத்தத்துக்குத்தான அதைப் பழக்கியிருப்பான்? சோறு போடக் கூப்பிடுதாவன்னு வந்து நின்னா?”

அதனால் வாயால்தான் கத்தினார். ஆடிக்காற்று அவர் சொல்லை வாயிலேயே பிடுங்கிக்கொண்டு போகும். அவர் இன்னும் உரக்கக் கத்துவார். மணல் தொண்டைக்குள் போகும். துப்பிவிட்டு மறுபடி கத்துவார். பத்து நாள் இப்படிக் கத்தி, ஒரு காலையில் என் வாசலில் வந்து நின்றவர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். குரல் சுத்தமாகப் போய்விட்டது. காய்ந்த ஓலை உரசுவதுபோல் ஒரு காற்றுதான் வந்தது.

“இன்னைக்கு லீவு சொல்லிருவோம் அக்கா” என்றேன்.

தலையை ஆட்டினார். காதருகே வந்து, “பிள்ளைக சோத்துக்காகத்தான் வருதுவ” என்றார். மதியம் அந்தக் கோதுமை உப்புமா இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகளுக்கு அன்று சாப்பாடே கிடையாது. அது எனக்கும் தெரியும். கிளம்பினோம்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பேசு என்று கையை அசைத்தார். எனக்கு வாய் வரவில்லை. காட்டைப் பார்த்து ‘வாரோம்’ என்று சொல்ல அப்போதும் நாக்கு கூசியது. பாதித் தேரி தாண்டும்வரை முனகிக்கொண்டே போனேன். காற்று அதையும் கொண்டுபோய்விட்டது. முந்திரிக் கூட்டம் நெருங்கியதும் அக்காவின் நகம் என் கையில் இறங்கியது.

“பேசுளா!”

அதுவரை என்னை ‘வாங்க போங்க’ என்றே பேசியவர். அந்த ‘ளா’ என்னை உலுக்கிவிட்டது. சத்தமாகச் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

“ஓரெண்டு ரெண்டு! ஈரெண்டு நாலு! மூவெண்டு ஆறு!” என்று கத்தினேன்.

எட்டாவது வரிக்கு வருமுன் முந்திரியின் அடியிலிருந்து அது எழுந்தது.

முதலில் கறுப்பு மூட்டை ஒன்று அசைவதுபோல் இருந்தது. பிறகு நாற்றம் வந்தது, புளித்த பதநீரும் ஈர முடியும் கலந்த நாற்றம். எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வகுப்பறை நீளம்கூட இல்லை. மூக்கிலிருந்து அறுந்த கயிறு தொங்கியது. கயிறு நுழைந்த இடத்தில் புண்ணாகி ஈ மொய்த்தது. என் வாய் நின்றுபோனது.

நின்றதும் அது தலையைத் தாழ்த்தி உறுமிக்கொண்டு எங்களை நோக்கி நாலுகாலில் வந்தது.

“நிறுத்தாதளா,” அக்காவின் மூச்சு என் காதில் சுட்டது. “சொல்லு, சொல்லு.”

“நாலெண்டு எட்டு!” என்று அலறினேன். எந்த இடத்தில் விட்டேன் என்பது நினைவில்லை. “அஞ்செண்டு பத்து!”

அது நின்றது. பின்னங்காலில் நிமிர்ந்தது. ஒரு ஆள் உயரம். வலது முன்னங்காலை மெல்லத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டது.

அப்படியே நின்றது. மார்பில் வெள்ளைப் பிறை ஏறி இறங்கியது. நெற்றியில் வைத்த அந்தக் காலின் நகங்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

நான் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்ல அது கும்பிட்டபடி நின்றது. மூச்சு வாங்கி ஒரு கணம் நிறுத்தினால் காலைக் கீழே போட்டது. மறுபடி கத்தினால் தூக்கியது. அக்கா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, அதன் முகத்தைப் பார்த்தபடியே ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினார். அவர் உடம்பு நடுங்குவது என் உடம்பில் தெரிந்தது. இருந்தும் அவர் முன்னால்தான் நின்றார். மணல்மேட்டின் வளைவு அதை மறைக்கும்வரை நான் எந்த வாய்ப்பாட்டைச் சொன்னேனோ, என்ன தப்பாகச் சொன்னேனோ.

பிறகு ஓடினோம். ஊர்ப்பக்கமிருந்து பிள்ளைகளோடு பெரியவர்கள் எதிரில் வந்துகொண்டிருந்தார்கள். அக்கா நேராகத் துப்பாக்கி அண்ணாச்சியிடம் போய் அவர் சட்டையைப் பிடித்தார். குரல் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். கடைசியில் தானே குனிந்து மணலில் முந்திரியையும் வளைவையும் விரலால் கீறிக் காட்டினார்.

“எது நிக்கி அங்கன? பன்னிக் கூட்டமா?” என்று அண்ணாச்சி குழம்பிப்போய்க் கேட்டார்.

“ஒண்ணுதான்,” என்றார் அக்கா, அந்த ஓலைக் குரலில். “கயிறு தொங்குது. கும்பிட்டுக்கிட்டு நிக்கும். பாத்துக்கிடுங்க.”

பிள்ளைகளைச் சுற்றுவழியில் பள்ளிக்குக் கொண்டுபோனோம். அக்கா அடுப்பை மூட்டினார். நான் வகுப்பில் நின்றிருந்தபோது ஒரு வெடிச்சத்தம் கேட்டது. பிள்ளைகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கொட்டகையில் கரண்டி விழும் சத்தம் கேட்டு ஓடினேன். அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். உப்புமா அடிப்பிடித்துப் புகைந்தது. நான் எடுத்துக் கிண்டினேன்.

அன்று மாலை டீக்கடையில் அண்ணாச்சியைச் சுற்றிக் கூட்டம். “நான் போயி நின்னதும் எந்திரிச்சுக் கும்பிடு போட்டுச்சுய்யா. கை ஆடிட்டு. மொதக் குண்டு எங்கயோ போயிட்டு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தெய்வப் பிறவி, சாகும்போது கும்பிட்டது என்று சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புதைக்குமுன் ஆளுக்குக் கொஞ்சம் முடி பிடுங்கிப்போய்ப் பிள்ளைகளுக்குத் தாயத்தாகக் கட்டினார்கள். பயம் தெளியுமாம். அக்காவுக்கும் ஒரு கொத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். அவருக்குக் குரல் முன்போல் வராவிட்டாலும் பேசுமளவு தேறியிருந்தது. மதியம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த நேரத்தில் பள்ளி வாசலில் ஒருவர் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார். கையில் நீளமான கம்பு. தன் கரடியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் பேசாமல் போகிறார்கள் என்றார். தெலுங்கு கலந்த தமிழ்.

அக்கா அவரைக் கொட்டகை நிழலில் உட்காரவைத்து, மீதியிருந்த உப்புமாவைத் தட்டில் போட்டுக் கொடுத்தார். பாதி சாப்பிடும்வரை பொறுத்திருந்தார். பிறகு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பனையேறியின் முகத்தைச் சொன்னார். முந்திரி மரத்தைச் சொன்னார். “எடத்தைக் காட்டிக் குடுத்தது நான்தான்” என்றும் சொன்னார்.

வித்தைக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “நிமிந்து நின்னதாம்மா?”

“நின்னுச்சு.”

“கும்பிட்டதா?”

“கும்பிட்டுச்சு.”

அவர் தட்டில் இருந்த உப்புமாவை ஒரு பக்கமாக ஒதுக்கினார். “அதுக்குப் பயம் ஜாஸ்தி,” என்றார் பிறகு. “பயந்தா அதைத்தான் செய்யும். அடிச்சு அடிச்சு அது ஒண்ணுதான் நான் சொல்லிக்கொடுத்தது.”

“எனக்குத் தெரியும்யா,” என்றார் அக்கா. “பாத்த ஒடனே தெரிஞ்சுட்டு, பயந்துபோயி நிக்கின்னு. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? தெரிஞ்சுதான் காட்டிக் குடுத்தேன். பிள்ளைக வார வழி.”

அவர் மீதியையும் சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். எந்த இடம் என்று கேட்டார். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவரை அழைத்துக்கொண்டு போனார். நானும் வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பள்ளி விடும் நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. மணல் அடித்திருக்கலாம். நேராகக் கொட்டகைக்குள் போய், உப்புமாப் பிடித்துக் காய்ந்துபோன பெரிய அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தார். தேய்க்கத் தேய்க்க அண்டா தரையில் உருண்டு உருண்டு ஓடியது. நான் போய் எதிரில் உட்கார்ந்து அதன் மறுவிளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.